‘வீடு கட்டணும்’ என்பது ஒரு வேலை அல்ல: திட்டமிடப் பழகுகிறவர்களுக்கு

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆர்டர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வீடு கட்டணும்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். நோட்டு தீர்ந்து புது நோட்டு போடும்போதெல்லாம் அந்த வரியையும் மறக்காமல் எடுத்து எழுதுவேன். மூன்று வருஷம் இப்படியே போனது. அதே மூன்று வருஷத்தில் எத்தனையோ பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன், பெரும்பாலும் சொன்ன தேதிக்கே.

அது நடந்தது, இது ஏன் நடக்கவில்லை என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிளவுஸ் என்றால் அடுத்து என் கை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். லைனிங் துணியை நனைத்துக் காயப்போட வேண்டும், தேய்க்க வேண்டும், அளவு ரவிக்கையை வைத்து வெட்ட வேண்டும். வீடு என்றால் கை எங்கே போகும்? ‘வீடு கட்டணும்’ என்ற வரியைப் பார்த்ததும் பணம், அனுமதி, மேஸ்திரி, மாமனார் பெயரில் இருக்கும் நிலம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நோட்டை மூடிவிடுவேன்.

அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிறோம். அதைக் கட்டி முடித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பது, மகளுக்குக் கல்யாணம் செய்வது, மாந்தோப்பு வைப்பது, சின்னதாக ஒரு கடை போடுவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒரு நோட்டு, ஒரு பேனா, சுவரில் ஒரு தினசரி காலண்டர் போதும். போனில் எழுதிப் பழக்கம் இருந்தால் அதிலேயே எழுதலாம். ஆனால் பாதி போனில், பாதி நோட்டில் என்று இருக்கக் கூடாது. எங்கே எழுதினோம் என்று தேடுவதே தனி வேலை ஆகிவிடும்.

மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுங்கள்

ஒரு ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மனதில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கேஸ் புக் செய்வது, பையனின் ஸ்கூல் ஷூ, தையல் மெஷினுக்கு எண்ணெய், நாத்தனாரிடம் வாங்கிய கடன், பாத்ரூம் குழாய் ஒழுகுவது. பெரியது சின்னது என்று பிரிக்க வேண்டாம். எது முதலில் என்றும் யோசிக்க வேண்டாம். எனக்கு முதல் தடவை 46 வரி வந்தது. பயந்து போனேன், ஆனால் அன்று நன்றாகத் தூங்கினேன்.

இறக்கி வைக்காத வேலை தூக்கத்தைக் கெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முடித்த வேலையை விட முடிக்காத வேலைதான் மனதில் அதிகம் நின்று சுரண்டும் என்று புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே எழுதியிருக்கிறார். 2011-ல் மாசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். அந்தச் சுரண்டல் நிற்க வேலையை முடித்திருக்க வேண்டியதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எனவே வெறும் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த படிதான் முக்கியம்.

ஒவ்வொரு வரியையும் கை செய்யும் வேலையாக மாற்றுங்கள்

என் தங்கை மகன் பத்தாவது படிக்கிறான். நோட்டில் உள்ள ஒரு வரியை அவனிடம் கொடுத்தால், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து முடிப்பானா? இதுதான் நான் வைத்திருக்கும் சோதனை. ‘குழாய்’ என்று கொடுத்தால் முழிப்பான். ‘பிளம்பருக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடியுமா என்று கேள்’ என்றால் உடனே செய்வான். வரி இப்படி இருக்க வேண்டும்: ஒரு ஆள், ஒரே உட்காரலில் முடிக்கிற அளவு, முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி. கூடிப்போனால் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போகும் என்று தோன்றினால் இன்னும் உடைக்க வேண்டும்.

‘பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கணும்’, ‘கணக்கு வழக்கைச் சரி பண்ணணும்’ மாதிரி வரிகள்தான் ரொம்ப நாள் தங்கும். அவை ஆசைகள். ஆசையை எழுதி வைப்பதில் தப்பில்லை, அதற்கென்று தனிப் பக்கம் வையுங்கள். அன்றாடப் பக்கத்தில் கலந்தால் மற்ற வேலைகளையும் பார்க்கத் தோன்றாது.

அன்றாட வேலை: இடத்தை வைத்துச் சேருங்கள்

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் மணிக்கணக்கில் அட்டவணை போடுவார்கள். ஆறு மணிக்கு இது, ஆறே முக்காலுக்கு அது. நானும் போட்டிருக்கிறேன், இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்க வாழ்க்கைக்கு மணியை விட இடம் நன்றாகப் பொருந்துகிறது.

நோட்டில் ‘வீடு’, ‘கடை’, ‘தருமபுரி’, ‘சந்தை’, ‘போன்’ என்று ஐந்து தலைப்பு வைத்திருக்கிறேன். தருமபுரிக்குப் போய் வரவே அரை நாள் ஆகிறது. முன்பெல்லாம் நூல் வாங்க ஒரு நாள், பேங்க் வேலைக்கு ஒரு நாள், மாமியாருக்கு மாத்திரை வாங்க ஒரு நாள் என்று ஒரே வாரத்தில் மூன்று தடவை போவேன். இப்போது ‘தருமபுரி’ என்ற தலைப்பின் கீழ் நான்கைந்து வரி சேரும் வரை காத்திருப்பேன், அப்புறம் ஒரே நடையில் முடித்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தை. அந்தப் பக்கம் யாரையாவது பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்குத்தான். ‘போன்’ என்ற தலைப்பில் இருப்பதை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேசி முடிக்கலாம்.

வேலையின் குணத்தை வைத்தும் சேர்க்கலாம். எனக்குக் காலையில்தான் கண்ணும் கவனமும் சரியாக இருக்கும், அதனால் எல்லாத் துணியையும் காலையிலேயே வெட்டிவிடுவேன். வெட்டு தப்பினால் திருத்த முடியாதே. ஹூக் வைப்பது, கைத்தையல் போடுவது எல்லாம் சாயங்காலம், பேசிக்கொண்டே செய்யலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவித்தால் அன்று பகல் முழுக்கக் கைத்தையல்தான். மெஷின் வேலையை முந்தின நாளுக்குத் தள்ளிவிடுவேன். நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் கவனம் கேட்கிற வேலை எது, கை மட்டும் கேட்கிற வேலை எது என்று ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

ராத்திரி படுக்கப் போகும் முன், மறுநாளைக்குக் கட்டாயம் முடிக்க வேண்டியவை என்று மூன்று வரியை மட்டும் எடுத்து எழுதுங்கள். மூன்றுதான். பத்து எழுதி நான்கு முடித்தால் ஆறு மிச்சம் என்ற வருத்தத்தோடு படுப்போம். மூன்றை முடித்துவிட்டு நான்காவதைத் தொட்டால் மனசு வேறு மாதிரி இருக்கும்.

தள்ளிக்கொண்டே போகிற வேலை ஒன்று எல்லோருக்கும் இருக்கும். எனக்கு அது கணக்கு எழுதுவது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதற்கு எளிய வழி சொல்கிறார்: ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று ஒரு குறிப்பிட்ட தருணத்தோடு அந்த வேலையைக் கட்டிவிட வேண்டும். ‘கடை ஷட்டரைப் பாதி இறக்கியதும் அன்றைய வரவு செலவை எழுதுவேன்’ என்று எழுதி வைத்தேன். ஷட்டரை இறக்காத நாள் இல்லை, அதனால் கணக்கு எழுதாத நாளும் குறைந்துவிட்டது.

பெரிய வேலை: கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இனி வீட்டுக்கு வருகிறேன். பெரிய வேலையை முன்னாலிருந்து யோசித்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. முடிந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு, ‘இதற்கு முன்னால் என்ன முடிந்திருக்க வேண்டும்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள்.

பால் காய்ச்ச வேண்டும். அதற்கு முன் தரையும் கரண்டும் வந்திருக்க வேண்டும். அதற்கு முன் பூச்சு வேலை. பூச்சுக்கு முன் சுவரை வெட்டி வயரிங் பைப் பதித்திருக்க வேண்டும். அதற்கு முன் மேல்தளம். தளத்துக்கு முன் சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட். அதற்கு முன் பேஸ்மட்டம். அதற்கு முன் கடைக்கால். கடைக்காலுக்கு முன் அனுமதி. அனுமதிக்கு முன் நிலம் எங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதற்கு முன், மாமனார் பெயரில் இருக்கும் பட்டாவில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

அங்கே வந்து நின்றேன். பட்டாவைப் பார்ப்பது என்பது அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து போனிலேயே எடுத்துவிடுகிற காரியம். பத்து நிமிஷ வேலை! மூன்று வருஷமாக நகராத வரி அன்று ராத்திரி நகர்ந்தது. பார்த்தால் மாமனார் பெயரோடு வேறு பெயர்களும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தது. எங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டும், நில அளவையர் வந்து அளக்க வேண்டும் என்று அடுத்த வரிகள் தானாக வந்தன.

நமக்குத் தெரியாத துறை என்றால் இந்தப் பின்னோக்கிய பட்டியலைத் தனியாக எழுத முடியாது. சமீபத்தில் அதே வேலையை முடித்த இரண்டு பேரிடம் கேளுங்கள். ‘எப்படிக் கட்டினீர்கள்?’ என்று கேட்டால் செலவைப் பற்றித்தான் பேசுவார்கள். ‘எந்த இடத்தில் வேலை நின்றது? எதற்காகக் காத்திருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். நமக்கு வேண்டியது அந்தப் பதில்.

சிறிய வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரையும் முதல் தளமுமோ கட்டினால், விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனடியாக அனுமதி வாங்க வழி இருக்கிறது. அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் இதில் நன்றாகக் குறையும். ஆனால் ஆவணங்கள் சரியாக இருந்தால்தான் அதிலும் நகரும்.

காத்திருப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வீடு முடிந்த பிறகு நோட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். கொத்தனார் கரண்டி பிடித்து வேலை நடந்த நாட்கள் மொத்தத்தில் பாதி கூட இல்லை. மீதி எல்லாம் எதற்காகவோ காத்திருந்த நாட்கள்.

காத்திருப்பில் இரண்டு வகை. ஒன்று தவிர்க்கவே கூடாதது. தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இப்போது பலரும் வாங்கும் கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள். தளத்தைத் தாங்கும் பலகை, முட்டு எல்லாம் சேர்ந்த சென்ட்ரிங்கையும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. இன்னொரு வகை, நாம் தாமதமாகக் கேட்டதால் வருவது. ஜன்னல், கதவு செய்யக் கொடுத்தால் வாரக்கணக்கில் ஆகும். சுவர் எழும்பிய பிறகுதான் ஆசாரியைத் தேடினோம் என்றால், சுவர் நிற்கும், ஜன்னல் வராது, மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார்.

இதை எனக்குப் புரிய வைத்தது என் மாமியார். அவர் படித்ததில்லை. ஆனால் வருஷா வருஷம் ராகி நட்டவர்.

“நாத்து வளர்றதுக்குள்ள காட்டை உழுதுடணும்மா. உழுது முடிச்சுட்டு நாத்து விட்டா இருபது நாள் வெறுங்காடாத்தானே கெடக்கும்?”

“அப்ப கதவு ஜன்னலை இப்பவே சொல்லிடலாமா அத்தை?”

“கடைக்கால் எடுத்தவொடனே சொல்லு. அதான் நாத்து.”

ராகி நாற்று நடவுக்கு வர 17 முதல் 20 நாள் ஆகும். அந்த நாட்களை யாராலும் குறைக்க முடியாது. அதனால் நாற்றை முதலில் விட்டுவிட்டு, உழவு, தொழு உரம், வரப்பு வேலை எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குள் அடக்கிவிடுகிறார்கள். 1957-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் பெரிய ஆலை வேலைகளுக்காக ‘முக்கியப் பாதை முறை’ ஒன்றை உருவாக்கினார்கள். எந்த வேலைகளின் சங்கிலி மிக நீளமோ அதுதான் மொத்த நாட்களை முடிவு செய்கிறது, அதை முதலில் நகர்த்து என்பது அதன் சாரம். அத்தை சொன்னதும் அதேதான்.

உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு எண் எழுதுங்கள்: நம் கை வேலைக்கு எவ்வளவு நேரம், கேட்டுவிட்டுக் காத்திருக்க எத்தனை நாள். இரண்டாவது எண் பெரிதாக இருக்கிற வரிகளுக்குச் சிவப்பு மையில் ‘நாற்று’ என்று எழுதுங்கள். அவசரமாகத் தெரியாவிட்டாலும் அவற்றைத்தான் முதலில் தொட வேண்டும். சான்றிதழ், பத்திரப்பதிவு, கடன், செய்யக் கொடுக்கும் பொருள், வெளியூர் ஆள் எல்லாம் நாற்றுதான்.

எத்தனை நாள் ஆகும்?

நாம் சொல்கிற நாள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவரும் 1979-லேயே இந்தத் தப்புக் கணக்குக்குப் பெயர் வைத்தார்கள். 1994-ல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன 48.6 நாளைக் கூட அது தாண்டிவிட்டது.

சோம்பேறித்தனம் என்று இதை நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நடுவில் வரும் காய்ச்சல், துக்க வீடு, மழை எதுவும் கணக்குப் போடும்போது கண்ணில் படுவதில்லை. மருந்து ஒன்றுதான்: பழைய கணக்கு. அடுத்த பத்து வேலைகளுக்கு, தொடங்கும் முன் உங்கள் மதிப்பையும் முடிந்த பின் உண்மையான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கழுத்தில் டிசைன் வைத்த பிளவுஸை ஒன்றரை மணி நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் இரண்டரைக்குக் குறைந்து ஒரு நாளும் முடிந்ததில்லை. அன்றிலிருந்துதான் தேதி சொல்வதில் எனக்குத் தைரியம் வந்தது.

இத்தோடு காலண்டரில் ஊரின் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி, மார்கழியில் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் நம் மேஸ்திரியும் இருப்பார். ஊர் மாரியம்மன் பண்டிகை என்றால் ஒரு வாரம் போனது. மாங்காய் சீசனில் கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். கொத்தனார்களில் நிறையப் பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள், பண்டிகைக்கு வந்தால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. எனக்கு ஆடியில் கடையில் வேலை குறைவு. அனுமதி, பத்திரம் அலைச்சலை எல்லாம் அந்த மாதத்தில் வைத்துக்கொண்டேன்.

திரும்பப் பிரிக்க முடியாத வேலைக்கு முன் ஒரு நாள் நில்லுங்கள்

எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறு. தளம் போடத் தேதி குறித்தாயிற்று, மிக்ஸர் மெஷினுக்குச் சொல்லியாயிற்று, ஆட்களும் வந்துவிட்டார்கள். மேல்தளத்துக்குள் போக வேண்டிய வயரிங் பைப்பும் ஃபேன் பெட்டியும் கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன் வைக்க வேண்டியவை. எலக்ட்ரீஷியன் இரண்டு அறைக்கு வைத்துவிட்டார். சமையலறையை விட்டுவிட்டார். நானும் மேலே ஏறிப் பார்க்கவில்லை, அன்று கடையில் முகூர்த்த ஆர்டர். கான்கிரீட் இறுகிவிட்டது. இன்றும் எங்கள் சமையலறைக் கூரையில் பைப் வெளியேதான் ஓடுகிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

வெட்டிய துணியும் போட்ட தளமும் ஒன்றுதான். இப்படித் திரும்பப் பிரிக்க முடியாத வேலைகள் எந்தப் பெரிய காரியத்திலும் மூன்று நான்கு இருக்கும். பத்திரத்தில் கையெழுத்து, அழைப்பிதழ் அச்சுக்குப் போவது, ஆழ்துளைக் கிணறு போடும் இடம். பட்டியலில் அந்த வரிகளைச் சுற்றி ஒரு கட்டம் போடுங்கள். அதற்கு முந்தின நாளை வேறு வேலை இல்லாமல் வையுங்கள். அன்று சரிபார்க்க வேண்டியதை முன்பே தனியாக எழுதி, கையில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் அடியுங்கள். அடுத்து நான் கட்டம் போட்ட வரி செப்டிக் டேங்க். அதற்கு 11 வரி எழுதிக்கொண்டு போனேன். குழாயின் வாட்டம் எதிர்ப்பக்கம் இருந்ததை மூடுவதற்கு முன் பிடித்தோம்.

வாரம் ஒரு தடவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம். முடிந்ததை அடித்துவிடுங்கள். மூன்று வாரமாக நகராத வரி இருந்தால், ஒன்று அது இன்னும் பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும். இல்லையென்றால் அது நமக்கு வேண்டியதே இல்லை, மனசாரத் தூக்கிவிடலாம். அடுத்த வாரம் போக வேண்டிய ‘நாற்று’ எது என்று பாருங்கள். அவ்வளவுதான். வீட்டில் மற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசுவது நல்லது. யார் தண்ணீர் விடுவது, யார் மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் வந்த சண்டைகள், வரிக்குப் பக்கத்தில் பெயர் எழுதத் தொடங்கியதும் பெருமளவு நின்றன.

நடுவில் திட்டம் குலையும். எங்களுக்கு மாமனார் படுத்த படுக்கையானபோது இரண்டு மாதம் நோட்டையே திறக்கவில்லை. திரும்பத் தொடங்கும்போது விட்டதை எல்லாம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பக்கத்தில், இன்றிலிருந்து, மூன்று வரி எழுதுங்கள்.

முடிந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எது எத்தனை நாள் ஆனது, எதற்குக் காத்திருந்தோம், எங்கே தவறினோம் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு நோட்டை என் கொழுந்தனார் போன மாதம் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு வைகாசியில் கடைக்கால். சமையலறை பைப் இருந்த பக்கத்தை மடித்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.